ஒரு தலையில் மூன்று தொப்பி: ராஸ்பெரி பையில் பின் மோதலைத் தீர்ப்பது

தம்பி, உங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் எழுதிவிடுகிறேன். சல்லிக் கரையில் உங்கள் வீட்டாரின் கரைவலை வாடியில் ராஸ்பெரி பை 4 என்ற சிறிய கணினி ஒன்று இருக்கிறது. அதன் மேல் மூன்று பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறீர்கள். கீழே இருப்பது மூன்று ரிலேக்கள், அதாவது மின்காந்தத்தால் இயங்கும் சுவிற்சுகள், கொண்ட பலகை. முதலாவது ரிலே எச்சரிக்கை விளக்குக்கு, இரண்டாவது முற்றத்து விளக்குக்கு, மூன்றாவது தண்ணீர் மோட்டருக்கு. நடுவில் இருப்பது ஒலிபெருக்கியில் காற்று நிலையை அறிவிப்பதற்கான ஒலிப் பலகை. மேலே இருப்பது கரையோரக் கம்பத்தில் உள்ள காற்றுமானியின் அளவுகளைப் பெறும் லோரா (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் பேசும்) ரேடியோப் பலகை. தனித்தனியாகப் போட்டால் மூன்றும் வேலை செய்கின்றன. ஒன்றாக அடுக்கினால், கணினி எழும்பியதும் மூன்றாவது ரிலே தானாக ஒட்டிக்கொண்டு மோட்டர் ஓடுகிறது; உங்கள் பைதன் நிரலை இயக்கியவுடன் மோட்டர் நிற்கிறது, ஆனால் ஒலிபெருக்கி ஊமையாகிவிடுகிறது. இது பலகையின் பழுதா, கணினியின் பழுதா, நிரலின் பிழையா என்பது கேள்வி. இதற்கு மேல் ஒரு சிறிய தொடுதிரையையும் ஒரு கடிகாரப் பலகையையும் சேர்க்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எதுவும் பழுதில்லை. உங்கள் ரிலேப் பலகையின் மூன்றாவது ரிலேயும் ஒலிப் பலகையின் தரவுக் கம்பியும் ஒரே பின்னில் (கணினியின் விளிம்பில் நிற்கும் இணைப்பு ஊசிகளில் ஒன்றில்), அதாவது ஜிபிஐஓ 21-இல், அமர்ந்திருக்கின்றன. ஜிபிஐஓ என்பது நிரல் விரும்பியபடி உள்ளீடாகவோ வெளியீடாகவோ மாற்றக்கூடிய பின். நீங்கள் அனுப்பிய பட்டியலின்படி ரிலேக்கள் முறையே ஜிபிஐஓ 26, 20, 21 ஆகியவற்றில் இருக்கின்றன. ஐ2எஸ் எனப்படும் ஒலிப் பாதை இந்தக் கணினியில் ஜிபிஐஓ 18, 19, 20, 21 ஆகிய நான்கையும் எடுத்துக்கொள்கிறது: 18 துடிப்பு, 19 இடம் வலம் பிரிக்கும் சமிக்ஞை, 20 உள்ளே வரும் ஒலி, 21 வெளியே போகும் ஒலி. ஒலி இல்லாத நேரத்தில் ஒலிப் பாதை அனுப்பும் தரவு வெறும் பூச்சியங்களே. ஆகவே 21-ஆம் கம்பி தாழ்நிலையில், அதாவது 0 வோல்ற்றில், நிற்கிறது (உயர்நிலை என்றால் 3.3 வோல்ற்). உங்கள் ரிலேப் பலகையோ தாழ்நிலை கிடைத்தால் இயங்கும் வகை. ஒலிப் பலகைக்கு ‘மௌனம்’ என்று பொருள்படும் அதே நிலை, ரிலேப் பலகைக்கு ‘மோட்டரை ஓட்டு’ என்று பொருள்படுகிறது.

நிரலை இயக்கியதும் நடப்பது இதன் மறுபக்கம். நிரல் ஜிபிஐஓ 21-ஐ வெறும் வெளியீட்டுப் பின்னாக மாற்றி உயர்நிலையில் வைக்கிறது, ரிலே விடுகிறது, ஆனால் அந்தக் கணத்திலிருந்து ஒலித் தரவு வெளியே போகும் வழி அடைபட்டுவிடுகிறது. நீங்கள் பயன்படுத்தும் ஆர்பிஐ-ஜிபிஐஓ நூலகம் இயங்குதளத்திடம் அனுமதி கேட்காமல் சிப்பின் பதிவேட்டில் நேரடியாக எழுதுவது. அதனால்தான் ‘இந்தப் பின் ஏற்கெனவே வேறொருவரிடம் உள்ளது’ என்று நிரல் பிழையோடு நிற்கவில்லை; நூலகம் ஓர் எச்சரிக்கை வரியை மட்டும் காட்டிவிட்டுத் தொடரும், எச்சரிக்கைகளை நிரலில் நிறுத்தியிருந்தால் அதுவும் வராது. கடைசியாக எழுதியவர் சொல்வதே அங்கே சட்டம்.

இரண்டாவது ரிலேயிலும் இதே சிக்கல் ஒளிந்திருக்கிறது, நீங்கள்தான் கவனிக்கவில்லை. ஒலிச் சாரதி (ஒலிப் பலகையை இயக்கும் மென்பொருள்) ஏறியதும் ஜிபிஐஓ 20 உள்ளீட்டுப் பின்னாக மாறிவிடும். உங்கள் பலகை ஒலியைப் பதிவு செய்வதில்லை என்பதால், நிரல் அதைத் திரும்ப வெளியீடாக மாற்றும்போது யாருக்கும் நட்டமில்லை. முற்றத்து விளக்கு எரிகிறது. ஆனால் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒலிச் சாரதியை மீண்டும் ஏற்றினால் அந்த விளக்கு சொல்வழி கேட்காது. இதை அதிர்ஷ்டத்தில் ஓடும் இணைப்பு என்றுதான் சொல்வேன்; அதையும் மாற்றிவிடுவது நல்லது.

அடுத்து எண்கள். நீங்கள் எழுதியதில் ஓர் இடத்தில் ‘பின் 21’ என்றும் இன்னோர் இடத்தில் ‘பின் 29’ என்றும் இருக்கிறது, இரண்டும் மூன்றாவது ரிலேயைத்தான் குறிக்கின்றன என்று நினைக்கிறேன். இந்தக் கணினியின் பின்களுக்கு மூன்று விதமான எண் வழக்குகள் உள்ளன. பின்கள் எல்லாம் நிற்கும் தலைப்பட்டையில் வரிசையாக எண்ணினால் கிடைப்பது 1 முதல் 40 வரையான இட எண். சிப்பின் தரவுத்தாளில் உள்ளது ஜிபிஐஓ எண். வயரிங்பை என்ற பழைய நூலகத்துக்குத் தனியே ஓர் எண் வரிசை. உங்கள் மூன்றாவது ரிலே ஜிபிஐஓ எண்ணில் 21, இட எண்ணில் 40, வயரிங்பை எண்ணில் 29. அதேவேளை இட எண் 21-இல் இருப்பது ஜிபிஐஓ 9, அதாவது ரேடியோ பதில் அனுப்பும் கம்பி. இட எண் 29-இல் இருப்பது ஜிபிஐஓ 5. ஒரு பலகையின் துண்டுப் பிரசுரம் ஒரு வழக்கிலும், அடுத்த பலகையின் மாதிரி நிரல் வேறொரு வழக்கிலும் எழுதப்பட்டிருக்கும்போது, இல்லாத மோதலைத் தேடி ஒரு நாளையும், இருக்கும் மோதலைக் காணாமல் இன்னொரு நாளையும் செலவழிப்பது மிக எளிது. இனி இந்தப் பதிலில் ‘ஜிபிஐஓ’ என்று சொன்னால் சிப்பின் எண், ‘இடம்’ என்று சொன்னால் தலைப்பட்டையில் எண்ணும் எண்.

ஒரு சதுரக்கோட்டுக் கொப்பியின் நடுத்தாளை விரித்து, நாற்பது வரிகள் போடுங்கள். முதல் நெடுவரிசையில் இடம், இரண்டாவதில் ஜிபிஐஓ, அதன் பிறகு பலகைக்கு ஒரு நெடுவரிசை. ஒவ்வொரு பலகையும் எந்த வரியைத் தொடுகிறதோ அங்கே என்ன வேலைக்குத் தொடுகிறது என்று எழுதுங்கள். ‘ஆம்’, ‘இல்லை’ என்று மட்டும் குறிப்பது போதாது. உங்கள் பலகைகளுக்கு நான் எழுதிப் பார்த்தேன். ரேடியோ எஸ்பிஐ எனப்படும் வேகமான தரவுப் பாதை வழியே ஜிபிஐஓ 9, 10, 11 ஆகிய மூன்றையும், தன்னைத் தெரிவுசெய்யும் கம்பியாக ஜிபிஐஓ 7-ஐயும், மீட்டமைப்புக்கு 25-ஐயும், ‘செய்தி வந்திருக்கிறது’ என்று தட்டிச் சொல்ல 22-ஐயும் எடுக்கிறது. ஒலிப் பலகை 18 முதல் 21 வரை. ரிலே 26, 20, 21. ஒரே வரியில் இரண்டு பெயர்கள் வந்த இடங்கள் இரண்டுதான், 20-உம் 21-உம். பலகையின் தாள் சொல்வதை முழுதாக நம்பவேண்டாம். மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, மல்ரிமீற்றரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வைத்து, பலகையின் அடிப்பக்கப் பின்னிலிருந்து சிப்பின் கால் வரை தொட்டுப் பாருங்கள். தாளில் எழுதாத ஒரு மின்விளக்கோ பொத்தானோ ஒரு பின்னில் தொங்கிக்கொண்டிருப்பதை நான் பல தடவை கண்டிருக்கிறேன்.

ஒரே வரியில் இரண்டு பெயர்கள் வந்தால் அது மோதல்தான் என்று உடனே முடிவு கட்டிவிட முடியாது. அந்தப் பின் என்ன வகை என்பதைப் பொறுத்தது. 5 வோல்ற், 3.3 வோல்ற், கிரவுண்ட் ஆகியவை எல்லோருக்கும் பொதுவானவை; அங்கே கேள்வி மின்னோட்டம் போதுமா என்பது மட்டுமே. ஐ2சி எனப்படும் இரு கம்பிப் பாதை, ஜிபிஐஓ 2 மற்றும் 3, பலர் சேர்ந்து இருப்பதற்காகவே அமைக்கப்பட்டது. அங்கே முகவரிகள் மோதாமல் இருந்தால் சரி. எஸ்பிஐயின் மூன்று கம்பிகளும் பொதுவானவை, ஆனால் தெரிவுக் கம்பி ஆளுக்கு ஒன்று வேண்டும். ஐ2எஸ் பாதை, மீட்டமைப்பு, தட்டிச் சொல்லும் கம்பி, ரிலே ஆகியவை தனிச் சொத்துக்கள்; அங்கே இருவர் வந்தால் ஒருவர் வெளியேறத்தான் வேண்டும். தொடர் இணைப்பான ஜிபிஐஓ 14, 15-உம் அப்படித்தான். பை 4-இல் 12, 13-இல் இன்னொரு தொடர் இணைப்பை எடுத்துக்கொள்ளும் வசதி இருப்பதால், பிற்காலத்தில் ஜிபிஎஸ் போன்ற ஒன்றைச் சேர்க்க நினைத்தால் அந்த இரண்டையும் இப்போதே ஒதுக்கி வையுங்கள்.

இப்போது உங்கள் சிக்கலைத் தீர்ப்போம். இரண்டில் ஒன்றை நகர்த்தவேண்டும். ஒலிப் பாதையை நகர்த்த முடியாது. சிப்பின் உள்ளே அது அந்தப் பின்களுக்கென்றே கட்டப்பட்டிருக்கிறது. ரிலே எந்தப் பின்னிலும் இருக்கலாம், ஆகவே ரிலேதான் எழுந்து போகவேண்டும். உங்கள் பலகையின் படத்தைப் பார்த்தால், ஒவ்வொரு ரிலேக்கும் பக்கத்தில் ஒரு சிறிய பிளாஸ்ரிக் தொப்பி ஜம்பராகக் குத்தப்பட்டிருப்பது தெரிகிறது. அந்தத் தொப்பியைக் கழற்றினால் ரிலேக்கும் தலைப்பட்டைக்கும் உள்ள தொடர்பு அறும். கழற்றிய பிறகு, ரிலேப் பக்கத்தில் உள்ள பின்னிலிருந்து ஒரு ஜம்பர் வயரை வேறொரு சும்மா இருக்கும் ஜிபிஐஓவுக்குக் கொடுக்கலாம்.

எந்த ஜிபிஐஓ என்பதில் சற்று நிதானிக்கவேண்டும். கணினி எழும்பும்போது, எந்த நிரலும் ஓடத் தொடங்குவதற்கு முன்னர், சிப் தன் பின்களை ஒரு மெல்லிய உள் தடையியால் மேலே அல்லது கீழே இழுத்து வைத்திருக்கும். ஜிபிஐஓ 0 முதல் 8 வரை மேலே இழுக்கப்பட்டிருக்கும். 9 முதல் 27 வரை கீழே. உங்கள் ரிலேயோ தாழ்நிலையில் இயங்குவது. ஆகவே எழும்பும் நேரத்தில் உயர்நிலையில் நிற்கும் 5, 6 ஆகிய இரண்டும் உங்களுக்கு வாய்ப்பான இடங்கள். அவை தலைப்பட்டையில் இடம் 29, 31. மூன்றாவது ரிலேயை 5-க்கும் இரண்டாவது ரிலேயை 6-க்கும் மாற்றுங்கள். முதலாவது ரிலே 26-இலேயே இருக்கட்டும். அந்த உள் இழுப்பு ஏறத்தாழ 50 கிலோஓம் அளவுக்கு மெல்லியது என்பதால் ஒளிப்பிணைப்பு (சமிக்ஞையை ஒளி மூலம் கடத்தும் அமைப்பு) உள்ள ரிலேயை அது மட்டும் இயக்கிவிடாது. இருந்தாலும், கணினியின் அமைப்புக் கோப்பில் ஒரு ‘ஜிபிஐஓ’ வரி எழுதி, 26 எழும்பும்போதே வெளியீடாகவும் உயர்நிலையிலும் இருக்கவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். எச்சரிக்கை விளக்கு ஒவ்வொரு மின்வெட்டுக்குப் பிறகும் ஒரு தடவை மின்னி அணைந்தால், கடலில் நிற்பவர் அதை என்னவென்று எடுப்பார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

மோட்டரின் வயரை இப்போதே ரிலேயிலிருந்து கழற்றி வையுங்கள். 230 வோல்ற் ஓடும் ஒரு பலகையின் மேல் குனிந்து ஜம்பர் மாற்றுவது புத்தியல்ல. ரிலே இயங்குகிறதா என்பதை அதன் ‘டிக்’ ஒலியும் பக்கத்துச் சிறு விளக்குமே சொல்லிவிடும்.

மாற்றிய பிறகு, பின்கன்ட்ரோல் என்ற கட்டளையை இயக்கிப் பாருங்கள். பழைய இயங்குதளத்தில் அதன் பெயர் ராஸ்பி-ஜிபிஐஓ. அது ஒவ்வொரு ஜிபிஐஓவும் இந்தக் கணத்தில் யார் வேலையில் இருக்கிறது என்பதை ஒரு வரியில் சொல்லும். 21-க்கு எதிரே ‘பிசிஎம்’ என்ற பெயர் இருந்தால் அது ஒலிப் பாதையிடம் இருக்கிறது. ‘ஓபி’ என்று இருந்தால் வெறும் வெளியீடாகிவிட்டது. உங்கள் பழைய அமைப்பில் நிரலுக்கு முன்னும் நிரல் ஓடும்போதும் இந்த வரியைப் பார்த்திருந்தால், அது பெயர் மாறுவதைக் கண்ணாலேயே கண்டிருப்பீர்கள். நிரலில் ஏதாவது ஒரு மூலையில் பழைய 21 மறைந்திருந்தாலும் இந்த வரி காட்டிக்கொடுத்துவிடும்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்றையும் சொல்லவேண்டும். உங்கள் வேலைக்கு அந்த ஒலிப் பலகையே தேவையா என்று எனக்கு ஐயம். ராஸ்பெரி பை 4-இல் 3.5 மில்லிமீற்றர் ஒலித்துளை இருக்கிறது. ‘வாடைக் காற்று கூடுகிறது, வள்ளத்தை இழுத்து வையுங்கள்’ என்று ஓர் ஒலிபெருக்கியில் சொல்வதற்கு, அதிலிருந்து ஒரு சாதாரண அம்பிளிபையருக்கு வயர் கொடுத்தாலே தாராளம். அப்படிச் செய்தால் நான்கு பின்கள் விடுபடும், ரிலேயை நகர்த்தவேண்டிய தேவையே இராது. காசு கொடுத்து வாங்கிய பலகையைக் கழற்றச் சொல்வது யாருக்கும் பிடிக்காது என்பது தெரியும். ஆனால் மோதும் பலகைகளில் ஒன்றைக் கழற்றுவதைவிட மலிவான தீர்வு இந்தத் தொழிலில் இல்லை. பை 5-க்கு மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். அதில் ஒலித்துளை கிடையாது, நீங்கள் இப்போது பயன்படுத்தும் பழைய ஆர்பிஐ-ஜிபிஐஓ நூலகமும் அதன் புதிய உள்ளீட்டுச் சிப்பில் ஓடாது.

இனித் தொடுதிரை. திரையின் தாளைப் பார்த்தேன்: படத்துக்குத் தெரிவுக் கம்பி ஜிபிஐஓ 8, தொடுகைக்குத் தெரிவுக் கம்பி ஜிபிஐஓ 7, கட்டளை பிரிக்கும் கம்பி 24, மீட்டமைப்பு 25, தொட்டதைத் தட்டிச் சொல்வது 17. உங்கள் ரேடியோவும் 7-ஐயும் 25-ஐயும் வைத்திருக்கிறது. ஆகவே இரண்டையும் அடுக்கினால், ரேடியோ தன்னை மீட்டமைக்கும் ஒவ்வொரு தடவையும் திரையும் மீட்டமைபட்டு வெள்ளையாகிவிடும். அதைவிட மோசம் 7-ஆம் கம்பி. கணினி ரேடியோவைக் கூப்பிடும்போது தொடுகைச் சிப்பும் ‘என்னைத்தான்’ என்று எழுந்து, இருவரும் ஜிபிஐஓ 9-இல் ஒரே நேரத்தில் பதில் சொல்வார்கள். ஒருவர் உயர்நிலைக்கும் மற்றவர் தாழ்நிலைக்கும் இழுத்தால், இரண்டு சிப்களின் வெளியீடுகளும் ஒன்றையொன்று குறுக்குச்சுற்றாக்கும். வரும் தரவு குப்பையாவது ஒரு புறமிருக்க, சிப்பும் சூடாகும்.

‘தொடுகை எனக்குத் தேவையில்லை, அமைப்புக் கோப்பில் அதை நிறுத்திவிடுகிறேன்’ என்று நீங்கள் எழுதியிருப்பதுதான் என்னை இவ்வளவு நீட்டி எழுத வைத்தது. மென்பொருளில் நிறுத்துவதால் செம்புக் கம்பி அறுந்துவிடுவதில்லை. சாரதியை ஏற்றாவிட்டாலும், தொடுகைச் சிப்பின் கால் இடம் 26-உடன், அதாவது ஜிபிஐஓ 7-உடன், ஒட்டித்தான் இருக்கிறது. அந்தக் கம்பி தாழ்ந்தால் அது பேசத்தான் செய்யும். ஆகவே திரைக்கும் கணினிக்கும் இடையில் இடம் 26-ஐயும் இடம் 22-ஐயும் (ஜிபிஐஓ 25) உண்மையாகவே துண்டிக்கவேண்டும். துண்டித்த பிறகு, திரையின் மீட்டமைப்பைச் சும்மா இருக்கும் ஜிபிஐஓ 23-க்கு வயர் மூலம் கொடுத்து, அமைப்புக் கோப்பில் அந்த எண்ணையும் மாற்றலாம்.

துண்டிப்பதற்குச் சிலர் கணினியின் தலைப்பட்டையிலுள்ள பின்னையே வெட்டிவிடுவார்கள். அதைச் செய்யவேண்டாம். நீளமான கால்கள் கொண்ட அடுக்குத் தலைப்பட்டை ஒன்றைக் கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பியுங்கள், விலை சொற்பம். அதில் வேண்டாத இரண்டு கால்களை மட்டும் நறுக்கிவிட்டு, கணினிக்கும் திரைக்கும் நடுவில் வைத்தால், மற்ற முப்பத்தெட்டும் நேராகப் போகும். பிறகு மனம் மாறினால் தலைப்பட்டையை மாற்றிக்கொள்ளலாம். கணினி முழுதாக இருக்கும். இன்னும் எளிய வழி அடுக்காமலே விடுவது. பலகைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துகின்றன என்பதற்காக அப்படித்தான் பொருத்தவேண்டும் என்று விதி இல்லை. ஒரு பலகையைப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, அதற்குத் தேவையான ஏழு எட்டு வயர்களை மட்டும் கொடுத்தால், மோதும் பின்னை வேறு எங்கும் திருப்பிவிடும் சுதந்திரம் கிடைக்கிறது. எஸ்பிஐ வயர்களை மட்டும் ஒரு சாணுக்கு மேல் நீளவிடாதீர்கள்.

ரேடியோவை எஸ்பிஐ 1 என்ற இரண்டாவது பாதைக்கு மாற்றினால் தெரிவுக் கம்பிகள் மூன்று கிடைக்குமே என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றவேண்டியதுதான். ஆனால் எஸ்பிஐ 1-இன் தரவு, துடிப்புக் கம்பிகள் ஜிபிஐஓ 19, 20, 21. தெரிவுக் கம்பிகள் 18, 17, 16. ஒலிப் பலகையின் வாசலிலேயே போய் நிற்பீர்கள். ஒலிப் பலகையைக் கழற்றினால் மட்டும் அந்த வழி திறக்கும்.

கடிகாரப் பலகை நல்ல யோசனை. பை 4-இல் மின்சாரம் போனாலும் ஓடும் கடிகாரம் இல்லை. வாடியில் இணையம் விட்டுவிட்டு வருவதால், மின்வெட்டுக்குப் பிறகு அறிவிப்பு நேரம் பிழைத்துவிடும். நீங்கள் சொன்ன டிஎஸ்3231 கடிகாரம் ஐ2சி பாதையில் பதினாறடிமான எண் 68 என்ற முகவரியில் இருக்கும். கம்பத்தின் ஆட்டத்தை அளக்க வைத்திருக்கும் எம்பியு-6050 உணரியும் பிறப்பிலேயே அதே 68. இரண்டும் ஒன்றாகப் பதில் சொன்னால் நேரமும் ஆட்டமும் கலந்த குப்பைதான் வரும். இங்கே தீர்வு எளிது: உணரியில் ஏடி0 என்று எழுதிய காலை 3.3 வோல்ற்றுடன் இணைத்தால் அதன் முகவரி 69 ஆகிவிடும். ஐ2சி-டிடெக்ட் கட்டளையை இயக்கினால் எந்த முகவரிகளில் ஆள் இருக்கிறது என்று ஒரு கட்டம் போட்டுக் காட்டும். கடிகாரத்தின் சாரதி ஏறியிருந்தால் 68-இன் கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக இரண்டு ‘யூ’ எழுத்துகள் தெரியும். அது பழுதல்ல, இயங்குதளம் அந்த முகவரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்பதன் அடையாளம். பக்கத்தில் 57 என்று இன்னொன்று தெரிந்தால், அது அந்தக் கடிகாரப் பலகைகளில் பெரும்பாலும் கூடவே வரும் சிறிய நினைவகச் சிப்.

ஐ2சியில் முகவரி தவிர இன்னொரு மோதல் இருக்கிறது, அதை யாரும் மோதல் என்று எண்ணுவதில்லை. அந்த இரண்டு கம்பிகளையும் மேலே இழுத்து வைக்கும் தடையிகள் கணினியிலேயே 1.8 கிலோஓம் அளவில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு சிறு பலகையும் தன் பங்குக்குத் தானும் ஒரு சோடி, பெரும்பாலும் 4.7 கிலோஓம், வைத்துக்கொண்டு வரும். மூன்று பலகைகள் சேர்ந்தால் எல்லாம் சமாந்தரமாகி ஏறத்தாழ 840 ஓம் ஆகிவிடும். 3 மில்லியம்பியர் இழுக்கவல்ல ஒரு சிப் 3.3 வோல்ற் கம்பியை 0.4 வோல்ற்றுக்குக் கீழே கொண்டுவர, தடை ஏறத்தாழ 970 ஓமுக்குக் குறையக்கூடாது. அதற்குக் கீழே போனால் சில நாள் வேலை செய்யும், சில நாள் உணரி காணாமல் போகும். மூன்றாவது பலகையில் அந்தச் சிறு தடையிகள் இரண்டையும் பற்றாசுக் கோலால் எடுத்துவிடுவதே மருந்து.

தொப்பி என்று நான் தலைப்பில் எழுதியதற்குக் காரணம் உண்டு. இந்தப் பலகைகளுக்கு ‘ஹற்’ (ஆங்கிலத்தில் தொப்பி) என்ற பெயர் 2014-இல் வந்த விதிமுறையால் ஏற்பட்டது. நாற்பது பின் தலைப்பட்டை வந்ததும் அதே ஆண்டில்தான். அந்த விதிமுறைப்படி ஒவ்வொரு ஹற்றிலும் ஒரு சிறு நினைவகச் சிப் இருக்கவேண்டும்; கணினி எழும்பும்போது இடம் 27, 28 வழியாக அதைப் படித்து, ‘இன்ன பலகை அமர்ந்திருக்கிறது’ என்று தெரிந்துகொண்டு பின்களைத் தானே அமைத்துக்கொள்ளும். அந்தச் சிப்பின் முகவரி பதினாறடிமானத்தில் 50. தலை ஒன்று, தொப்பி ஒன்று என்ற கணக்கில் எழுதப்பட்ட விதி அது. இரண்டு பலகைகளிலும் அந்தச் சிப் இருந்தால் இரண்டும் ஒரே முகவரியில் பேசி, கணினிக்கு ஒன்றுமே விளங்காமல் போகும். உங்கள் மூன்றில் ஒலிப் பலகையில் மட்டுமே அது இருப்பதால் இப்போதைக்குக் கவலையில்லை. ஒலிப் பலகையைச் செருகியதும் நீங்கள் அமைப்புக் கோப்பில் எதுவும் எழுதாமலே ஒலி வந்தது என்று வியந்திருந்தீர்கள் அல்லவா, அதன் காரணமும் இதுதான். 21-ஐ அது கேளாமலே எடுத்துக்கொண்டதும் இதனால்தான். இடம் 27, 28 இரண்டிலும் வேறு எதையும் கொழுவவேண்டாம்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த நீலநிற 5 வோல்ற் ரிலே ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 மில்லியம்பியர் எடுக்கும். மூன்றும் ஒட்டினால் 210. லோராச் சிப் முழு வலுவில் அனுப்பும்போது 120 மில்லியம்பியர் வரை போகும். ஒலி அம்பிளிபையர் சத்தத்துக்கேற்ப. கணினிக்கு 5 வோல்ற் 3 அம்பியர் மின்வழங்கி போதும், ஆனால் கைத்தொலைபேசியின் பழைய சார்ஜரில் ஓட்டிக்கொண்டு ‘ரேடியோ அனுப்பும்போது கணினி திரும்ப எழும்புகிறது’ என்று சொன்னால் அதைப் பின் மோதல் என்று நான் ஏற்கமாட்டேன்.

கடைசியாக, நம் ஊருக்கே உரிய ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர் நிலாவெளிப் பக்கத்திலிருந்து ஒருவர் இதேபோன்ற அடுக்கு ஒன்றைக் கொண்டுவந்தார். சோளகக் காலத்தில் ஒழுங்காக ஓடியது, வாடை தொடங்கியதும் ஐ2சி உணரிகள் எல்லாம் மறைந்துபோயின. நான் இரண்டு நாள் முகவரிகளையும் சாரதிகளையும் கிண்டினேன். மூன்றாம் நாள் காலையில் பலகையைச் சரித்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான், இடம் 3-க்கும் இடம் 5-க்கும் நடுவில் மங்கலான வெள்ளைப் படலமும், பின்களின் அடியில் பச்சைக் களிம்பும் தெரிந்தன. ஈரமான உப்பு இரண்டு கம்பிகளையும் இணைத்திருந்தது. உலர்ந்த மத்தியானங்களில் தடை மெகாஓமுக்கு ஏறி, இரவில் சில நூறு ஓமுக்கு இறங்கியது. ஐசோபுரொப்பைல் அல்ககோலும் ஒரு பழைய பல்தூரிகையும் பத்து நிமிடத்தில் அதைத் தீர்த்தன. உங்கள் வாடி அலைக்கு அதைவிடக் கிட்ட. அடுக்கிய பலகைகளின் இடுக்கில் உப்பு தங்கினால் கழுவ வழியில்லை என்பதும் நான் அடுக்காமல் வைக்கச் சொல்வதற்கு ஒரு காரணம். பெட்டியை மூடி, வயர் நுழையும் துளைகளைக் கீழ்ப்பக்கத்தில் வையுங்கள்.

செய்யும் ஒழுங்கு இப்படி இருக்கட்டும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ரிலேப் பலகையை மட்டும் புதிய பின்களில் வைத்து மூன்று ரிலேயையும் தனித்தனியே ‘டிக்’ சொல்ல வையுங்கள். அடுத்து ஒலிப் பலகையைச் சேர்த்து, ஓர் அறிவிப்பு ஓடும்போதே மூன்று ரிலேயையும் மாறிமாறிப் போடுங்கள். குரல் அறுபடக்கூடாது, ரிலே தானாக அசையக்கூடாது. அடுத்து ரேடியோ. திரைக்கான வயர்களை முதல் தடவை கொடுக்கும்போது, கட்டளைக் கம்பியிலும் மீட்டமைப்புக் கம்பியிலும் தொடராக 1 கிலோஓம் தடையி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். வயர் மாறிப்போயிருந்தாலும் ஓடும் மின்னோட்டம் 3.3 மில்லியம்பியரைத் தாண்டாது. ஒவ்வொரு படியிலும் கணினியை முழுதாக நிறுத்தி, மின்சாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் அடுத்ததைச் செருகவேண்டும். இருபது தடவை நிறுத்தி எழுப்பியும் மூன்றாவது ரிலே ஒரு தடவைகூடத் தானாக ஒட்டவில்லை என்றால், மோட்டரின் வயரைத் திரும்பக் கொடுங்கள்.